விதை மஞ்சள் தின்ற குதிரை

வைகாசி பன்னிரண்டாம் தேதி காலையில் மைசூராள் எழுந்திருக்கவில்லை. முன்னங்கால்களை மடக்கி ஊன்றிப் பாதி உயரம் வந்து, மறுபடியும் தரையோடு தரையாக உட்கார்ந்துகொண்டாள். மூன்றாம் தடவை முயன்றபோது முழங்காலிலிருந்து காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகு அவள் முயலவில்லை. சென்னியப்பனை ஒரு முறை பார்த்தாள், பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவளுக்கு இருபத்து மூன்று வயது. நான்கு வயதில் அந்தியூர் ஆடிச் சந்தைக்கு மைசூர்க்காரர் ஒருவர் லாரியில் ஏற்றி வந்தவள் என்பதால் அந்தப் பெயர். சேமலைவலசில் கடைசியாக ஓடிய குதிரை வண்டி சென்னியப்பனுடையது, கடைசிக் குதிரை அவள். ஆட்டோக்கள் வந்து வண்டி நின்றுபோய் ஆறு வருஷம் ஆகியும், கால் மரத்துப்போகக் கூடாது என்று தினமும் காலையில் வெறுங்கயிற்றோடு அவளைப் பழைய பாதையிலேயே நடத்திக்கொண்டு போவார். பஸ் நிறுத்தத்தில், ஆஸ்பத்திரி வாசலில், ரேஷன் கடையில், மஞ்சள் மண்டியில், அரிசி ஆலையில், இன்னும் மூன்று இடங்களில், யாரும் இழுத்து நிறுத்தாமலே அவள் நிற்பாள். இல்லாத வண்டியிலிருந்து இல்லாத ஆட்கள் இறங்குவதற்கு ஆகிற நேரம் நின்றுவிட்டுத் தானாக நடப்பாள். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பனைமர முக்கில் புல்லுக்கட்டோடு சென்னியப்பனின் மனைவி பாவாயி திரும்பும்போது காதை அந்தப் பக்கம் திருப்பி ஒரே ஒரு முறை கனைப்பாள். பங்குனியில் பாவாயி செத்துப்போன பிறகும் ஐந்து மணி ஆனால் காது அந்தப் பக்கம் திரும்பும், ஒரு கனைப்பு வரும். சென்னியப்பனும் அந்த முக்கைப் பார்ப்பார். பார்த்து முடித்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பார்.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வந்து நான்கு கால்களையும் பிடித்துப் பார்த்தார். மூட்டு தேய்ந்துவிட்டது, வலி மருந்து கொடுத்தால் வயிறு கெடும், கொடுக்காவிட்டால் வலிக்கும் என்றார். "படுத்த குதிரை ரொம்ப நாள் தாங்காதுங்க. பார்ப்போம். எந்திரிக்கலைன்னா ஊசி போட்டுடலாம், கஷ்டப்படாமப் போயிரும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, சென்னியப்பன் முகத்தைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அடுத்த வீட்டுச் செல்லாத்தாள் மஞ்சள் வேகவைக்கிற கொப்பரையடியில் வேலை செய்கிறவள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்ணா, போன வருசம் எனக்கு முழங்கால் புடிச்சுக்கிட்டதே, ஞாபகம் இருக்குதுங்களா? மஞ்சளும் மொளகும் நுணுக்கி, நல்லெண்ணெய் ஊத்தி, வெல்லத்துல உருண்டை புடிச்சு அக்காதானுங் குடுத்துச்சு. ஒரு மாசத்துல மலையேறிட்டு வந்தேன்."

"நீ மனுசி, செல்லாத்தா."

"முழங்காலுக்கு அதெல்லாம் தெரியுங்களா?"

அவர் அடுப்படியில் பாவாயியின் மஞ்சள் டப்பாவைத் தேடி எடுத்து, அடியைச் சுரண்டி, இரண்டு நாளைக்கு உருண்டை பிடித்துக் கொடுத்தார். மைசூராள் முதலில் வெல்லத்தை நக்கினாள், பிறகு உருண்டையை வாங்கிக்கொண்டாள். மூன்றாம் நாள் டப்பா காலியானபோது, கடைக்குப் போக நாலு பேரைத் தாண்ட வேண்டும், தாண்டினால் நாலு பேரும் குதிரையைப் பற்றிக் கேட்பார்கள் என்று யோசித்துக்கொண்டு நின்றவர் கண்ணில், கொட்டகைக்குப் பின்னால் புங்கமரத்தடியில் பாவாயி குவித்து, சருகு போட்டு, சாணியும் மண்ணும் குழைத்து மெழுகி வைத்திருந்த மேடு பட்டது. மண்வெட்டியால் ஒரு ஓரத்தை உடைத்தார். உள்ளே ஈரம் காயாத மஞ்சள் கிழங்குகள், கண்ணுக்குக் கண் வெள்ளை முளை விட்டுக்கொண்டு கிடந்தன.

மஞ்சள் விளைகிற ஊரில் பிறந்து இந்தத் தப்பைச் செய்யக்கூடியவர் அவர் ஒருவர்தான். முப்பது வருஷம் மூட்டை மூட்டையாக மஞ்சள் ஏற்றியிருக்கிறார், ஆனால் பதினைந்து சென்ட் மஞ்சள் காடு பாவாயியின் காரியம், குதிரை அவருடைய காரியம், அவள் கொட்டகைக்குள் நுழைந்ததில்லை, அவர் பாத்திக்குள் இறங்கியதில்லை. தின்கிற மஞ்சள் கொப்பரையில் வெந்து, வெயிலில் காய்ந்து, உயிர் போன பிறகுதான் மஞ்சள் என்று பேர் வாங்கும். இனி எந்த மண்ணில் போட்டாலும் அது முளைக்காது. விதைக்கு வைத்தது வேகாதது, அடுத்த போகத்துக்கு உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது, அதை எடுத்துத் தின்பது அடைகாக்கிற கோழியைக் கிளப்பிவிட்டு முட்டையை எடுக்கிற மாதிரி. அந்த ஊரில் தவழ்கிற குழந்தைக்குக்கூட அது தெரியும். சென்னியப்பனுக்குத் தெரியவில்லை. அவர் கிழங்கைக் கழுவி, இடித்து, மிளகும் எண்ணெயும் வெல்லமும் சேர்த்து, ஒவ்வொரு உருண்டையாக அவள் வாய்க்குள் வைத்து, தொண்டை இறங்குகிறதா என்று தடவிப் பார்த்து, பத்து நாள் கொடுத்தார். அவள் நாக்கு மஞ்சளாயிற்று, சாணம் மஞ்சளாயிற்று, அவர் உள்ளங்கை ரேகைகளில் ஏறிய மஞ்சள் கழுவியும் போகவில்லை. பதினோராம் நாள் காலை அவர் வாளியோடு போனபோது அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள், ஏன் இவ்வளவு தாமதம் என்கிற மாதிரி வாளியைப் பார்த்தாள்.

ஆனி முடிகிற சமயம் பிடரி மயிருக்கு நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு பச்சைக் குருத்து சுருண்டு நின்றது. புல் ஒட்டியிருக்கிறது என்று அவர் இழுத்துப் பார்த்தார். அது வரவில்லை, அவள் தோல்தான் சிலிர்த்தது. ஒரு வாரத்தில் குருத்து விரிந்து இலையாயிற்று. அதன் பின்னால் வரிசையாக இன்னும் ஏழு முளைத்தன. ஆடிக் காற்று தொடங்கியபோது காதுகளுக்குப் பின்னாலிருந்து முதுகு தொடங்கும் இடம் வரை எட்டுத் தூர் மஞ்சள் செடி சலசலத்தது, நான்கு முழங்கால்களிலும் காலுக்கு ஒரு தூர் தனியாக எழும்பி நின்றது.

செல்லாத்தாள் வேலியைத் தாண்டி வந்து ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தாள்.

"எந்த மஞ்சளக் குடுத்தீங்?"

"அந்தப் பொங்கமரத்தடியில இருந்ததுதான்."

"அது வெதையாச்சுங்ணா. அக்கா வெச்சிருந்த வெதை."

"தெரியாமப் போச்சு."

"அதுதான் மொளைச்சிருக்குது" என்றாள் அவள். விதை முளைக்காமல் வேறென்ன செய்யும் என்கிற தொனி அதில் இருந்தது. போகும்போது இரண்டு வாளி தண்ணீர் இறைத்து மைசூராளின் பிடரியில் ஊற்றிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு ஊர் வந்தது. செடி எப்படி முளைத்தது என்று யாரும் கேட்கவில்லை, எப்படி வளர்ப்பது என்றுதான் பேச்சு. மஞ்சள் விவரத்தில் ஊருக்கே வாத்தியார் மாதிரி இருந்த ரங்கசாமி, சென்னியப்பனுக்கு மச்சான் முறை, கைத்தடியால் தூருக்குத் தூர் இடைவெளியை அளந்துவிட்டு, "ஒரு சாண் இருக்குது, பரவாயில்ல மச்சான், காத்தோட்டம் கெடைக்கும். கூடி மொளைச்சிருந்தா நோக்காடு வந்திருக்கும்" என்றார். எரு வைக்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டதற்கு, "எருவுக்கென்ன, காடே போட்டுக்குதே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "உன்ற காட்டுக்கு மட்டும் வேலி வேண்டியதில்ல, மச்சான். ஆடு மாடு எறங்குனா காடே எந்திரிச்சு ஓடிப்போயிரும்" என்று அவர் மறுபடி சொன்னார், இரண்டாம் தடவையும் சிரித்தார்கள். விவசாய ஆபீசிலிருந்து ஒருவர் வந்து இலையின் நீளம் அகலத்தைக் குறித்துக்கொண்டு, இந்தப் பக்கம் இலைப்புள்ளி நோய் இருக்கிறது, கவனமாக இருங்கள் என்று எல்லாக் காட்டிலும் சொல்கிறதைச் சொல்லிவிட்டுப் போனார். டாக்டரம்மா முழங்கால்களை நீட்டி மடக்கிப் பார்த்தார். "வலி இல்லைங்க. இதை எதுல எழுதறதுன்னுதான் தெரியல" என்றார், எதிலும் எழுதவில்லை. யாரோ குங்குமம் வைத்தார்கள், யாரோ எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார்கள், ஆவணியில் அதுவும் நின்றது. புரட்டாசியில், வழி கேட்கிற வெளியூர்க்காரர்களுக்கு "மஞ்சக்குதிரை நிக்குற சந்துல திரும்புங்க" என்று சொல்லுமளவுக்கு மைசூராள் ஊரில் ஒரு மைல்கல்லாகவும் விளக்குக் கம்பமாகவும் ஆகிவிட்டாள்.

சென்னியப்பனுக்கு மட்டும் அது பழகவில்லை. காலையில் பிடரிப் பக்கம் குனிந்து கயிறு கட்டும்போது, குளித்துவிட்டுக் கன்னத்தில் மஞ்சளோடு பாவாயி கொல்லையிலிருந்து வருகிற வாசனை வரும். அவர் கயிறு கட்டும் வேலையை நீட்டிக்கொண்டே போவார். ஐந்து மணிக்கு இலைகள் சலசலக்க மைசூராள் முக்குப் பக்கம் காதைத் திருப்புவாள், கனைப்பாள். இரண்டு பேரும் பார்ப்பார்கள், யாரும் வரமாட்டார்கள், அவர் அடுப்புப் பற்றவைக்கப் போவார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்து, ஊர்க் காடுகளில் கிழங்கழுகல் விழுந்து, மார்கழி முடியும்போது பொங்கல் பானைக் கழுத்தில் கட்ட ஒரு வீட்டுக்கும் பச்சை மஞ்சள் கொத்து கிடைக்கவில்லை. போகிக்கு முந்தின நாள் பெண்கள் சென்னியப்பன் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். துக்க வீடு, இந்த வருஷம் இங்கே பானை வைக்க மாட்டார்கள் என்பது தெரிந்திருந்ததால் கேட்பதற்குத் தயங்கிக்கொண்டு நின்றார்கள். காரியம் முடிந்த பதினாறாம் நாளுக்குப் பிறகு அந்த வாசலுக்குள் இத்தனை பெண்கள் வந்ததில்லை. வளையல் சத்தமும் பேச்சும் சுவரில் மோதித் திரும்புவதைக் கேட்டுக்கொண்டு நின்ற சென்னியப்பன், அவர்கள் கேட்பதற்கு முன்பே, "எடுத்துக்குங்க" என்றார். முழங்கால் தூர்களைத் தொட அவருக்கு மனசு வரவில்லை. பிடரியில் இருந்த எட்டையும் ஈரம் தெளித்து, கிழங்கோடு ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கொடுத்தார். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. அவள் ஆடாமல் நின்றாள். எட்டுத் தூரை அவர்கள் இலை இலையாகப் பிரித்து ஊர் முழுக்கக் கொண்டுபோனார்கள். பொங்கலன்று அவர் வீட்டைத் தவிர எல்லா வீட்டிலும் குதிரையின் மஞ்சள் பானைக் கழுத்தில் இருந்தது.

பிடுங்கிக் கொடுத்த மறுநாள் காலையில் பழைய பாதையில் நடந்தபோது மைசூராள் பஸ் நிறுத்தத்தில் நிற்கவில்லை. ஏதோ ஞாபகம் என்று நினைத்தார். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போனாள். ரேஷன் கடையைத் தாண்டிப் போனாள். மண்டி வாசலில் அவரே கயிற்றை இழுத்து நிறுத்தியபோது, இங்கே நமக்கு என்ன வேலை என்கிற மாதிரி தரையை முகர்ந்தாள். எட்டு நிறுத்தம், எட்டிலும் நிற்கவில்லை. அவர் நடுத்தெருவில் நின்று விரல் விட்டு எண்ணினார். பிடுங்கிக் கொடுத்ததும் எட்டு. திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் முழங்கால்களில் ஆடிக்கொண்டிருந்த நான்கு தூர்களையே பார்த்துக்கொண்டு வந்தார். அன்றைக்குச் சாயங்காலம் நாலரை மணியிலிருந்தே கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார். ஐந்து மணிக்கு அவள் காது முக்குப் பக்கம் திரும்பி, ஒரு கனைப்பு வந்தபோது அவர் வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாசியில் இலைகள் பழுத்தன, பழுத்துக் காய்ந்தன, காய்ந்து மடிந்தன. முழங்கால்கள் ஒவ்வொன்றும் தேங்காய் அளவுக்குத் திரண்டு, தோல் வெடிக்கிற மாதிரி மினுமினுத்தது. மைசூராள் கொட்டகைக்கு வர மறுத்து, பாவாயியின் பதினைந்து சென்ட்டில், அந்த வருஷம் யாரும் ஒன்றும் நடாத பாத்தியில் போய்ப் படுத்துக்கொண்டாள். ரங்கசாமி வந்து பார்த்தார்.

"தாள் காஞ்சு போச்சு. நாளைக்கு ஆளைக் கூட்டிக்கிட்டு வர்றேன், வெட்டிப்போடலாம்."

"வேண்டாம்."

"என்றா வேண்டாம்? முத்துன மஞ்சள வெட்டாம விட்டா என்னாகும்னு உனக்குத் தெரியாது, நீ வண்டிக்காரன். அழுகும். அழுகுனா அந்த வாயில்லாச் சீவன் என்ன பாடு படும்?"

"இருக்கட்டும், மச்சான். இன்னும் கொஞ்ச நாள்."

ரங்கசாமி கோபித்துக்கொண்டு போனார். பத்து நாளில் புளித்த வாசனை வரத் தொடங்கியது. மைசூராள் தன் முழங்காலைத் தானே கடித்தாள். தண்ணீர் வைத்தால் தலையைத் தூக்கிக் குடித்துவிட்டு, தலையைத் தரையில் போடும்போது முனகினாள். ஐந்து மணிக்கு மட்டும், படுத்த வாக்கிலேயே, காதைத் திருப்பினாள்.

செல்லாத்தாள் வரப்பில் வந்து உட்கார்ந்தாள். கொப்பரையடிப் புகையில் அவள் கண்கள் சிவந்திருந்தன.

"அவளுக்கு வலிக்குதுங்ணா."

"தெரியுது."

"அப்பறம் எதுக்குங் பாத்துக்கிட்டு இருக்கறீங்? உங்களுக்குச் சங்கடமா இருந்தா நான் புடுங்கறேன். எனக்குக் கை பழக்கம்."

 சென்னியப்பன் அவளைப் பார்க்காமல் பாத்தியைப் பார்த்துப் பேசினார்.

"பொங்கலுக்குப் பிடரியில புடுங்குனேனல்ல, ஊரு மறந்து போச்சு அவளுக்கு. மிச்சம் இருக்கறது முழங்கால்ல இருக்கற நாலுதான். அதுல என்ன இருக்கும்னு நெனைக்கற? நான் இருப்பேன், இந்த வீடு இருக்கும். உங்க அக்கா இருப்பா."

செல்லாத்தாள் கை நீட்டி மைசூராளின் முழங்காலில் மொய்த்த ஈயை ஓட்டினாள்.

"அஞ்சு மணிக்கு அவளும் அந்த முக்கைப் பாக்கறா, செல்லாத்தா. ரெண்டு பேரா பாக்கறதுனால அது ஒரு வழக்கமா ஆகிப்போச்சு. நான் ஒருத்தனே உக்காந்து பாத்தா, செத்துப்போனவளுக்குக் காத்திருக்கற கிறுக்கன்."

"அவ உங்களுக்காவத்தான் இந்த வலியைப் பொறுத்துக்கிட்டு இருக்கறாளுங்களா?" என்று கேட்டாள் செல்லாத்தாள். கேட்டது அவளுக்கே சுருக்கென்று இருந்திருக்க வேண்டும், எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பங்குனி நாலாம் தேதி காலையில் சென்னியப்பன் ஆளைக் கூப்பிடவில்லை, மண்வெட்டி எடுக்கவில்லை. மஞ்சள் வெட்டுவதற்கு முன் மண் இளகக் கடைசித் தண்ணீர் விடுவார்கள் என்பதை மட்டும் கேள்விப்பட்டிருந்தார். குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து, அவள் நான்கு முழங்கால்களிலும் மெதுவாக ஊற்றி, ஊறுகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு வலது முன்னங்காலில் காய்ந்த தாளைப் பிடித்து அசைத்தார். இளகிய சேற்றிலிருந்து வருகிற மாதிரி, தாய்க்கிழங்கும் அதைச் சுற்றி விரல் விரலாகக் கிளைத்ததுமாக ஒரு பெரிய கொத்து கையோடு வந்தது. அது வந்த இடத்தில் தோல் மூடிக்கொண்டது. மைசூராள் நீளமாக மூச்சு விட்டாள். தூரத்தில் தெரிந்த கொட்டகையை அவள் பார்த்தாள், அது எந்தக் கட்டடமோ என்கிற மாதிரி பார்வையை எடுத்துக்கொண்டாள். இடது முன்னங்காலில் பிடுங்கினார், அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், காது அசையவில்லை. வலது பின்னங்காலில் பிடுங்கினார், அவர் கையை அவள் புதிதாக முகர்ந்தாள், முகர்ந்துவிட்டு முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

எந்தத் தூரில் எந்த ஞாபகம் இருந்தது என்பதை அவர் அறிந்துகொண்டார். கடைசித் தூரின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியது. பிடுங்காமல் விட்டுவிட்டால் இவள் தன்னைத் தெரியாமல், இந்த வீட்டைத் தெரியாமல், மூன்று காலில் நின்றுகொண்டு, பாவாயியை மட்டும் எதிர்பார்த்துக்கொண்டு இருப்பாள் என்று ஒரு நிமிஷம் அவருக்கு ஆசையாக இருந்தது. அந்தக் காலிலிருந்துதான் புளித்த வாசனை அதிகமாக வந்தது. "பாவாயி" என்று அவர் அவள் காதோரம் சொன்னார். காது முக்குப் பக்கம் திரும்பியது. திரும்பியிருக்கும்போதே பிடுங்கினார்.

மைசூராள் ஒரே மூச்சில் எழுந்தாள். இரண்டாம் முயற்சி இல்லை, முறிகிற சத்தம் இல்லை. உடம்பை உதறிச் சேற்றை அவர் மேல் தெளித்தாள். அவர் கிட்டே போனபோது இரண்டடி பின்னால் வைத்து, காதுகளை மடித்து, லாரியிலிருந்து அன்றைக்குத்தான் இறங்கியவள் மாதிரி நின்றாள்.

புதுக் குதிரையிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரிந்த ஒன்றே ஒன்று அதுதான். அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கைகளைத் தொங்கவிட்டு, பார்க்காமல், கூப்பிடாமல் நின்றார். ரங்கசாமி வரப்பில் வந்து நான்கு கொத்தையும் கையில் தூக்கிப் பார்த்தார். மேல்தோல்தான் அழுகல் பிடித்திருந்தது, உள்ளே நெருப்பு மாதிரி நிறம். "நல்ல வெளச்சல், மச்சான்" என்றார். கோபம் போன குரலில், "எப்ப வேக வெக்கறது?" என்று கேட்டார். கொத்துகளை நிழலில் வைத்துவிட்டுப் போனார். சென்னியப்பன் நின்றார். பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது, நடையாக, பிறகு ஓட்டமாக, பதினைந்து சென்ட்டைச் சுற்றிச் சுற்றி, எத்தனையோ வருஷமாக அவர் கேட்டிராத வேகத்தில். அவர் திரும்பவில்லை. மத்தியானம் போனது. கால் வலித்தது.

ஐந்து மணிக்கு அவர் பனைமர முக்கைப் பார்த்தார். கனைப்பு வரவில்லை. முக்கில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, பாதையில் யாரும் இல்லை. பார்த்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று அவர் நினைத்த சமயம், பிடரியில் சூடாக ஒரு மூச்சு பட்டது. யாரென்று கேட்கிற மூச்சு.

"சென்னியப்பன்" என்றார் அவர், திரும்பாமலே.

மூச்சு இன்னும் அங்கேயே இருந்தது. அவர் கையை மெல்லத் தூக்கி முக்கைக் காட்டி, "பாவாயி" என்றார்.

குதிரை இரண்டு பெயரையும் கேட்டது. கேட்டுவிட்டு, வரப்பு ஓரம் புல் பச்சையாக இருந்த இடத்துக்கு அது மேயப் போயிற்று.